நாற்பதும் நூறும்: ஐபீரியாவில் மறைந்த தந்தைவழிகள்

2019 மார்ச்சில் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரை, ஸ்பெயினும் போர்ச்சுகலும் சேர்ந்த ஐபீரியத் தீபகற்பத்தைப் பற்றி இரண்டு எண்களைச் சொன்னது. கி.மு. 2500-க்கும் 2000-க்கும் இடையில் அங்கு வாழ்ந்த மக்களின் மரபில் ஏறத்தாழ 40 விழுக்காடு வெளியிலிருந்து வந்தவர்களுடையதாக மாறியிருந்தது. ஆண்களின் ஒய் குரோமோசோமை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால், மாற்றம் ஏறத்தாழ 100 விழுக்காடு.

இரண்டாவது எண்தான் செய்தியானது. கட்டுரை அச்சாவதற்கு முன்பே, 2018-லேயே, ஸ்பானிய நாளிதழ்கள் படையெடுப்பு என்று எழுதத் தொடங்கிவிட்டன. குதிரையேறி வந்தவர்கள் உள்ளூர் ஆண்களையெல்லாம் வெட்டிப்போட்டுப் பெண்களைக் கவர்ந்துகொண்டார்கள் என்று படிப்பவர் மனதில் ஒரு சித்திரம் பதிந்தது. இன்றும் சமூக ஊடகங்களில் ஐபீரியா என்றால் அந்தச் சித்திரம்தான் ஓடுகிறது.

எண்கள் இரண்டும் சரியானவை. அவற்றிலிருந்து கட்டிய கதைதான் நிற்கவில்லை என்பது என் முடிவு. நூறைப் பார்த்தவர்கள் பக்கத்திலேயே இருந்த நாற்பதைச் சேர்த்துப் பார்க்கவில்லை. இந்த ஒரு நிகழ்வைக் கொஞ்சம் பொறுமையாகப் பிரித்துப் பார்த்தால், தந்தைவழி ஹாப்லோகுழு, அதாவது ஒய் குரோமோசோமை வைத்து ஆண்களைப் பிரிக்கும் குழு, எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பது தெளிவாகும். வரலாற்றுக்கு முந்தைய ஐரோப்பாவைப் பற்றிய மற்ற செய்திகளைப் படிக்கவும் அது உதவும்.

கையில் இருக்கும் சான்றுகள்

ஆய்வை நடத்தியவர்கள் இன்யிகோ ஒலால்டே, பார்சிலோனா பரிணாம உயிரியல் நிறுவனத்தின் கார்லெஸ் லலுவேசா-ஃபாக்ஸ், ஹார்வர்டின் டேவிட் ரைக் ஆகியோரும் ஏராளமான தொல்லியலாளர்களும். 271 பழங்கால ஐபீரியர்களின் மரபணுத் தரவு இதில் இருக்கிறது. அதில் 176 பேர் கி.மு. 2000-க்குப் பிற்பட்டவர்கள். வெண்கலக் காலத்துக்கு மட்டும் அதுவரை 7 பேரின் தரவு இருந்தது, அது 60 ஆனது. மாற்றம் உண்மையில் நடந்துகொண்டிருந்த கி.மு. 2500–2000 இடைவெளியில், ஸ்டெப்பி எனப்படும் கிழக்கு ஐரோப்பியப் புல்வெளி மக்களின் மரபு தெரிந்தவர்கள் 14 பேர்தான். ஐந்நூறு ஆண்டுகள், ஒரு முழுத் தீபகற்பம், பதினான்கு எலும்புக்கூடுகள். இதை ஒரு குறையாக நான் சொல்லவில்லை. தொல்மரபணு ஆய்வில் இதுவே பெரிய எண்ணிக்கை. ஆனால் ஒரு படையெடுப்பின் நாள்வாரி வரலாற்றை இதில் எழுத முடியாது.

எலும்பிலிருந்து தந்தைவழியை எப்படிப் படிக்கிறார்கள்? பெரும்பாலும் உட்காதைச் சூழ்ந்திருக்கும் கெட்டியான எலும்பைத் துளைத்துச் சிறிதளவு தூள் எடுப்பார்கள், அது கிடைக்காதபோது பல்லிலிருந்து எடுப்பார்கள். உடலிலேயே மிக அடர்த்தியான எலும்பு அது என்பதால், ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்குப் பிறகும் டிஎன்ஏ அதில் துண்டு துண்டாகத் தங்கியிருக்கும். துண்டுகளின் முனையில் சைட்டோசின் என்ற டிஎன்ஏ எழுத்துகள் காலப்போக்கில் சிதைந்து, தைமின் என்ற வேறு எழுத்தைப் போலப் படிக்கப்படும். அந்தச் சிதைவே ஒரு முத்திரை. அது இருந்தால் பழையது, இல்லையென்றால் தோண்டியவர் கையிலிருந்தோ ஆய்வகத்திலிருந்தோ வந்து ஒட்டிய புதியது என்று சந்தேகிக்க வேண்டும். பிறகு மரபணுத் தொகுதியில் முன்கூட்டியே தேர்ந்த சுமார் 12 லட்சம் இடங்களை மட்டும் பிடித்துப் படிக்கிறார்கள். ஒய் குரோமோசோமில் இருக்கும் இடங்களும் அதில் அடக்கம்.

மற்ற குரோமோசோம்கள் தலைமுறைக்குத் தலைமுறை தாயுடையதும் தந்தையுடையதுமாகக் கலந்து சீட்டு மாறிக்கொண்டே இருக்கும். ஒய் அப்படிக் கலப்பதில்லை. அதன் பெரும்பகுதி அப்பனிடமிருந்து மகனுக்கு அப்படியே போகும். எப்போதாவது ஓர் எழுத்து மாறும், மாறிய எழுத்து அந்த மகனின் ஆண்வாரிசுகள் எல்லோரிடமும் தங்கிவிடும். இப்படி ஒரே மாற்றத்தைச் சுமக்கும் ஆண்களின் கூட்டமே ஒரு ஹாப்லோகுழு. செம்புக் கால ஐபீரியாவில் ஐ2, ஜி2, எச் ஆகிய குழுக்கள் பரவலாக இருந்தன. கி.மு. 2000 வாக்கில் அவை அநேகமாக மறைந்து, ஆர்1பி-எம்269 என்ற ஒரே குழு அந்த இடத்தில் நின்றது.

ஆர்1பி என்ற பெயர் செய்த குழப்பம்

இந்த வழக்கில் தீர்ப்பு ஏற்கெனவே இரண்டு முறை மாறியிருக்கிறது, அதனால் ஒரு சிறு வரலாறு தேவை. மேற்கு ஐரோப்பாவில் இன்று ஆர்1பி மிக அதிகம், ஸ்பெயின்–பிரான்ஸ் எல்லைப் பகுதியில் வாழும் பாஸ்க் மக்களிடம் இன்னும் அதிகம். 2000-ஆம் ஆண்டு வாக்கில், பழங்கால எலும்பு எதையும் படிக்க வழியில்லாத நிலையில், இன்றைய மக்களின் விழுக்காட்டை வைத்தே இது பனிக்கால வேட்டையாடிகளின் எச்சம் என்று எழுதினார்கள். பனியுகத்தில் ஐபீரியாவில் ஒதுங்கியவர்கள் பனி உருகியதும் வடக்கே பரவினார்கள் என்று ஒரு வரைபடமும் வந்தது. 2010-இல் மற்றொரு குழு, இல்லை, இது மேற்காசியாவிலிருந்து வந்த முதல் உழவர்களின் வழி என்றது. 2015-இல் எலும்புகளே பேசத் தொடங்கின. எம்269 கிழக்கு ஐரோப்பியப் புல்வெளியோடு, அதாவது ஸ்டெப்பியோடு, தொடர்புடைய மக்களோடு கி.மு. மூன்றாம் ஆயிரத்தில்தான் மேற்கே வந்தது என்பது தெரிந்தது. இன்றைய பரவலைப் பார்த்து நேற்றைய வரலாற்றை ஊகித்த இரண்டு முயற்சிகளும் விழுந்தன. இன்று ஒரு குழு எங்கே அதிகம் என்பதற்கும் அது எங்கிருந்து வந்தது என்பதற்கும் நேர்த் தொடர்பு இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஆர்1பி என்ற மூன்று எழுத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்களுக்கு ஸ்பானியப் பிரனீஸ் மலையின் எல்ஸ் ட்ரோக்ஸ் குகை ஒரு நல்ல பாடம். கி.மு. ஆறாம் ஆயிரத்தின் பிற்பகுதியில், ஸ்டெப்பி மக்கள் வருவதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக முன்பு, அங்கே வாழ்ந்த ஓர் உழவரின் குழுவும் ஆர்1பி. ஆனால் அது எம்269 அல்ல, வி88 எனப்படும் முற்றிலும் வேறு கிளை. இரண்டு கிளைகளும் பனியுகக் காலத்திலேயே பிரிந்தவை. இத்தாலியின் வில்லப்ரூனாவில் 14,000 ஆண்டுகளுக்கு முந்தைய வேட்டையாடி ஒருவரிடமும் ஆர்1பி இருந்தது. ஆகவே கிளைப் பெயர் இல்லாமல் சொல்லப்படும் ஹாப்லோகுழுச் செய்தியை நம்பாமல் இருப்பதே நல்லது.

கிளைகளைப் பார்க்கும்போது இன்னொரு நுணுக்கமும் தெரிகிறது. ஸ்டெப்பி என்றதும் எல்லோரும் சொல்லும் யாம்னயா பண்பாட்டு ஆண்களிடம் பெரும்பாலும் இருந்தது எம்269-இன் இசட்2103 என்ற கிளை. ஐபீரியாவுக்கு வந்ததோ எல்51 வழியாக இறங்கும் பி312. இரண்டும் ஒரு தாத்தாவின் பேரன்கள்தான், ஆனால் ஒருவரிடமிருந்து மற்றவர் இறங்கவில்லை. இன்றைய செக் நாட்டின் பொஹீமியாவைப் பற்றி 2021-இல் வெளிவந்த ஆய்வு, பி312-இன் தாய்க்கிளையான எல்151, அங்கே கயிற்றச்சுப் பானைப் பண்பாட்டின் தொடக்க காலத்திலேயே அடிக்கடி காணப்பட்டதைக் காட்டியது. எனவே ஐபீரியாவின் புதியவர்கள் புல்வெளியிலிருந்து நேராகக் குதிரையேறி வந்தவர்கள் அல்லர். நடு ஐரோப்பாவில் பல தலைமுறைகள் வாழ்ந்து, அங்குள்ள உழவர்களோடு கலந்து, பிறகு தெற்கே நகர்ந்தவர்கள். அவர்கள் மரபிலேயே சுமார் பாதிதான் ஸ்டெப்பி. ஆகவே ‘ஐபீரியாவின் 40 விழுக்காடு’ என்பது இப்படி ஏற்கெனவே கலந்தவர்களின் பங்கு. அசல் ஸ்டெப்பிப் பங்கு அதில் பாதி.

பானைகளும் ஆட்களும் தனித்தனியே பயணம் செய்தன என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கவிழ்த்த மணி வடிவக் குவளைகளை வைத்து ‘பெல் பீக்கர்’ என்று அழைக்கப்படும் பண்பாட்டின் மிகப் பழைய குவளைகள் கிடைப்பது ஐபீரியாவில்தான். ஆனால் 2018-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த, 400 பழங்கால ஐரோப்பியர்களைப் பற்றிய ஆய்வில், குவளையோடு புதைக்கப்பட்ட ஐபீரியர் பலரிடம் ஸ்டெப்பி மரபின் சுவடே இல்லை. பிரிட்டனில் அதே குவளையோடு வந்தவர்கள் உள்ளூர் மரபில் சுமார் 90 விழுக்காட்டை மாற்றிவிட்டார்கள். ஒரே குவளை, இரண்டு இடங்களில் இரண்டு வரலாறு.

மறைந்தது யார்?

இப்போது மையக் கேள்விக்கு வரலாம். ஐபீரியாவின் ஆண்கள் உண்மையில் ‘அழிந்தார்களா’?

கி.மு. 2000-க்குப் பிறகு அங்கு வாழ்ந்தவர்களின் மரபில் ஏறத்தாழ 60 விழுக்காடு பழைய ஐபீரியர்களிடமிருந்து வந்தது. அது யார் வழியாக வந்தது? பெரும்பாலும் உள்ளூர்ப் பெண்கள் வழியாக என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பெண்களுக்கு அப்பாக்கள் இருந்தார்கள். ஒவ்வொரு பெண்ணும் தன் மரபில் பாதியை அப்பாவிடமிருந்துதான் பெறுகிறாள். எனவே அந்த அறுபதில் ஏறத்தாழ சரிபாதி, ஐ2-வும் ஜி2-வும் சுமந்த உள்ளூர் ஆண்களுடையது. அவர்கள் மறையவில்லை. பேரன் பேத்திகளின் உடலில் இருக்கிறார்கள். மகன் வழி மட்டும் நின்றுவிட்டது.

நம் ஊர்ப்பக்கம் குலதெய்வக் கோயிலில் தலைக்கட்டு வரி எழுதும் நோட்டை நினைத்துப்பாருங்கள். ஒருவருக்கு மூன்று பெண் பிள்ளைகள், பேரன் பேத்திகள் பத்துப் பேர் என்றாலும், அவர் காலத்துக்குப் பின் அந்த நோட்டில் அவர் வரி நின்றுபோகும். பிள்ளைகள் கட்டிக்கொடுத்த இடத்துக் கோயிலில் பொங்கல் வைப்பார்கள். நோட்டை மட்டும் புரட்டிப் பார்ப்பவருக்கு அந்த வீடு அழிந்துபோனதாகத் தோன்றும். ஒய் குரோமோசோம் ஆண்வாரிசை மட்டும் எழுதிவைக்கும் அப்படி ஒரு நோட்டு. ஊரின் மக்கள்தொகைக் கணக்கை அதில் தேடக்கூடாது.

எதிர்த் திசையிலும் இதே கணக்கு ஓடும். வெளியிலிருந்து வந்த ஓர் ஆண் உள்ளூர்ப் பெண்ணை மணக்கிறார். மகனிடம் வெளி மரபு பாதி. அந்த மகனும் உள்ளூரிலேயே பெண் எடுத்தால் பேரனிடம் கால். ஐந்து தலைமுறை இப்படியே போனால் முப்பத்திரண்டில் ஒரு பங்கு, அதாவது மூன்று விழுக்காடு. ஆனால் ஒய் குரோமோசோம் முதல் ஆளுடையது அப்படியே இருக்கும். போர்ச்சுகலின் வெண்கலக் கால எலும்புகளை வைத்து 2017-இல் வந்த ஆய்வில் இந்த நிலைதான் தெரிந்தது: மற்ற குரோமோசோம்களில் வெளி மரபின் சுவடு மெலிதாக இருக்க, ஒய் முற்றிலும் மாறியிருந்தது. நூறும் நாற்பதும் முரண்படுவதாகத் தோன்றுவது இரண்டையும் ஒரே தராசில் வைப்பதால்தான்.

ஆண்களே அதிகம் வந்தார்கள் என்பதில் சந்தேகம் இல்லை. அதற்கு எக்ஸ் குரோமோசோம் தனிச் சாட்சி. ஆண் தன் எக்ஸை மகளுக்கு மட்டுமே தருவார், பெண் இருபாலருக்கும் தருவார். அதனால் ஒரு சமூகத்தில் எக்ஸின் பெரும்பங்கு பெண்கள் வழியாகவே ஓடும். வந்தவர்களில் ஆணும் பெண்ணும் சமமாக இருந்திருந்தால் எக்ஸிலும் மற்ற குரோமோசோம்களிலும் வெளி மரபு ஒரே அளவில் இருக்க வேண்டும். ஐபீரியாவில் எக்ஸில் குறைவு. சியுதாத் ரியால் மாகாணத்தின் காஸ்தியெஹோ தெல் பொனேத்தே கல்லறையில் புதைக்கப்பட்ட இருவர் இதற்கு ஓர் உருவம் தருகிறார்கள்: ஆணிடம் ஸ்டெப்பி மரபு இருக்கிறது, பெண் கி.மு. 2500-க்கு முந்தைய ஐபீரியர்களைப் போலவே இருக்கிறார்.

படுகொலை என்றால் எப்படித் தெரியும்?

அந்தக் காலத்தில் கொலையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. தொல்லியல் அப்படிச் சொல்ல விடாது. மேலே சொன்ன எல்ஸ் ட்ரோக்ஸ் குகையிலேயே ஒரு படுகொலை நடந்திருக்கிறது. ஐந்து பெரியவர்கள், நான்கு குழந்தைகள், அம்பு பாய்ந்தும் அடிபட்டும் இறந்தவர்கள். காலம் கி.மு. 5300 வாக்கு. ஆலவா மாகாணத்தின் சான் ஹுவான் ஆன்தே போர்த்தாம் லத்தீனாம் என்ற இடத்தில் கி.மு. நான்காம் ஆயிரத்தின் பிற்பகுதியில் 338 பேர் புதைக்கப்பட்டிருந்தார்கள். எலும்பில் அம்புமுனை பதிந்தவர்கள், மண்டையில் காயம் ஆறியவர்கள், ஆறாதவர்கள் எனப் பலர். இந்த இரண்டும் ஸ்டெப்பி மரபு ஐபீரியாவுக்கு வருவதற்கு முந்தியவை. உள்ளூர்க்காரர்களே ஒருவரையொருவர் கொன்றிருக்கிறார்கள்.

படுகொலை நடந்த இடத்தை மரபணு ஆய்வு எப்படிக் காட்டும் என்பதற்குத் தெற்கு போலந்தின் கோஷிட்சே நல்ல சான்று. 2011-இல் ஒரே குழியில் பதினைந்து பேர் கிடைத்தார்கள். கி.மு. 2880–2776 காலத்தவர்கள், எல்லோரும் தலையில் அடிபட்டவர்கள். மரபணுவைப் படித்தபோது அவர்கள் ஒரு பெரிய கூட்டுக் குடும்பம் என்று தெரிந்தது. தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளை ஒட்டிக் கிடத்தப்பட்டிருந்தார்கள், அண்ணன் தம்பிகள் அருகருகே. அப்பாக்களில் பெரும்பாலோர் குழியில் இல்லை. எங்கோ போயிருந்து, திரும்பி வந்து புதைத்தவர்கள் அவர்களாகவே இருக்கலாம், ஏனென்றால் யாருக்குப் பக்கத்தில் யாரை வைப்பது என்று தெரிந்தவர்கள்தான் இப்படிப் புதைக்க முடியும். குழியிலிருந்த ஆண்கள் அனைவருக்கும் ஐ2ஏ-வின் ஒரே கிளை, தாய்வழிகளோ ஆறு. பங்காளிகள் ஒரே ஊரில் இருக்க, பெண்கள் பல ஊர்களிலிருந்து வாழ வந்தார்கள் என்பது இதன் பொருள். அவர்களிடம் ஸ்டெப்பி மரபு துளியும் இல்லை.

கோஷிட்சேயை இரண்டு காரணங்களுக்காக இங்கே கொண்டுவந்தேன். முதலாவது, படுகொலை நடந்தால் அது குழியில் தெரியும். மாற்றம் நடந்த கி.மு. 2500–2000 காலத்து ஐபீரியாவில், ஆண்களைக் குவித்துக் கொன்றதைக் காட்டும் குழிகள் வரிசையாகக் கிடைத்திருந்தால் படையெடுப்புக் கதைக்கு ஒரு தரை இருந்திருக்கும். அப்படி எதையும் வைத்து யாரும் அந்தக் கதையைக் கட்டவில்லை. ஒய் விழுக்காட்டை வைத்து மட்டுமே கட்டினார்கள். இரண்டாவது, தந்தைவழிச் சமூகம் ஸ்டெப்பி மக்கள் கொண்டுவந்த சரக்கல்ல. பாரிஸ் வடிநிலத்தின் கூர்ஜி இடுகாட்டில், கி.மு. ஐந்தாம் ஆயிரத்திலேயே, ஏழு தலைமுறைக் குடும்ப மரம் ஒன்று ஒரே தந்தைவழியில் நிற்கிறது. 64 பேர் அடங்கிய அந்த மரத்தில் வளர்ந்த மகள்கள் அநேகமாக இல்லை, வேறு ஊருக்குக் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். மகன் வழிதான் நிலத்தையும் இடுகாட்டையும் தீர்மானிக்கும் என்ற ஏற்பாடு ஐரோப்பிய உழவர்களிடம் முன்பே இருந்தது. அப்படிப்பட்ட சமூகத்தில் ஒரு வழி பெருகுவதும் இன்னொரு வழி நின்றுபோவதும் வெட்டுக்குத்து இல்லாமலே நடக்கும்.

எவ்வளவு வேகமாக நடக்கும் என்பதற்கு ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். இது மாதிரிக் கணக்குதான், தரவல்ல. ஒரு பகுதியில் நான்கு ஆண்களில் ஒருவர் ஆர்1பி என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு தலைமுறையிலும் ஆர்1பி ஆண்களுக்குப் பிழைத்து வளரும் மகன்கள் மற்றவர்களைவிட முப்பது விழுக்காடு அதிகம். மற்றவர்களுக்குப் பத்து மகன்கள் என்றால் இவர்களுக்குப் பதின்மூன்று. தலைமுறைக்கு 25 ஆண்டு என்றால் 400 ஆண்டில் பதினாறு தலைமுறை. அதன் முடிவில் ஆர்1பி ஏறத்தாழ 96 விழுக்காடு. 500 ஆண்டில் 98-ஐத் தாண்டிவிடும். நல்ல மேய்ச்சல் நிலம் யாரிடம், மந்தை யாரிடம், பஞ்ச காலத்தில் யாருடைய பிள்ளைகள் பிழைத்தன, யாருக்கு இரண்டாம் மனைவி கிடைத்தாள் என்பவற்றில் சிறு சாய்வு இருந்தாலே முப்பது விழுக்காடு வந்துவிடும்.

இந்தக் கணக்கை யாரும் அமைதிக்கான சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நானூறு ஆண்டுகள் ஒரு சாராரின் மகன்களுக்கு நிலமும் மணமும் கிட்டாமல் போவது எளிய கொடுமையல்ல. ஆனால் அது கொள்ளைப்படை நடத்தும் ஒருநாள் வெட்டிலிருந்து வேறானது, தொல்லியலில் விட்டுச்செல்லும் தடயமும் வேறு. உலகெங்கும் சுமார் 5,000 முதல் 7,000 ஆண்டுகளுக்கு முன் ஒய் வழிகளின் பன்மை கடுமையாகக் குறைந்ததை 2015-இல் ஓர் ஆய்வு காட்டியது. பிள்ளை பெற்ற பெண்கள் பதினேழு பேருக்கு ஓர் ஆண் என்ற அளவுக்கு அந்தச் சுருக்கம் போகிறது. குலங்களுக்கிடையே நடந்த போர் இதற்குக் காரணமாகலாம் என்று 2018-இல் ஒரு குழு எழுதியது. 2024-இல் லேயா கியோன் குழுவினர், தந்தைவழிக் குலங்கள் பெருகிப் பிரிந்து, சில குலங்கள் மட்டும் அதிகம் தழைத்தாலே போதும், போர் தேவையில்லை என்று மாதிரி கட்டிக் காட்டினார்கள்.

கொள்ளைநோய், வறட்சி என்ற விளக்கங்களும் உண்டு. கி.மு. 2200 வாக்கில் நிலநடுக்கடல் பகுதியில் வறட்சி இருந்ததும், தெற்கு ஐபீரியாவின் லாஸ் மில்லாரெஸ் போன்ற பெரிய குடியிருப்புகள் அந்த நூற்றாண்டுகளில் கைவிடப்பட்டதும் உண்மை. ஒரு சமூகம் குலைந்ததை அவை விளக்கும். நோயும் பஞ்சமும் ஆணை மட்டும் தேர்ந்தெடுப்பதில்லை என்பதால், நாற்பதுக்கும் நூறுக்கும் உள்ள இடைவெளியை அவை விளக்காது.

லா அல்மொலோயாவின் ஜாடி

தெற்கே என்ன ஆயிற்று என்பதை 2021-இல் வந்த வனேசா வில்லால்பா-மூக்கோ குழுவினரின் ஆய்வு நிரப்பியது. புதிதாக 136 பேரின் தரவு. கி.மு. 2200-க்குப் பிறகு தென்கிழக்கில் படிக்கப்பட்டவர்கள் எல்லோரிடமும் ஸ்டெப்பி மரபு இருக்கிறது, ஆண்களில் ஏறத்தாழ அனைவரும் ஆர்1பி-பி312. இது எல் ஆர்கார் பண்பாட்டின் காலம், கி.மு. 2200 முதல் 1550 வரை. முன்பு பெரிய கல்லறைகளில் கூட்டமாகப் புதைத்தவர்களின் நாட்டில், இப்போது வீட்டுத் தரைக்கு அடியில் ஒருவரையோ இருவரையோ புதைக்கும் வழக்கம் வந்தது.

முர்சியா மாநிலத்தில் லா அல்மொலோயா என்ற மேட்டுக் குடியிருப்பு இருக்கிறது. பார்சிலோனா தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தார் 2014-இல் அங்கே 38-ஆம் எண் கல்லறையைத் திறந்தார்கள். சுவரையொட்டித் திண்ணைகள் ஓடும் ஒரு பெரிய கூடம். அதன் தரைக்கு அடியில் ஒரு பெரிய மண்ஜாடி. ஜாடிக்குள் இருவர்: முப்பத்தைந்தைத் தாண்டிய ஆண், இருபத்தைந்துக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட பெண். உடன் வைத்த முப்பதளவு பொருட்களில் பெரும்பாலானவை வெள்ளி, பெரும்பாலானவை பெண்ணுடையவை. அவள் மண்டையோட்டில் வெள்ளிப் பட்டம் அப்படியே இருந்தது. வளையத்திலிருந்து ஒரு வட்டத் தகடு நீண்டு, கவிழ்த்து அணிந்தால் நெற்றியிலிருந்து மூக்கு வரை இறங்கும் அமைப்பு. மரபணுப்படி இருவரும் உறவினர் அல்லர். அவர்களுக்குப் பிறந்த மகள் ஒருத்தி, குழந்தையிலேயே இறந்து, அருகிலேயே புதைக்கப்பட்டிருந்தாள்.

ஆணின் ஒய்யை மட்டும் படித்திருந்தால் இந்த வீட்டைப் பற்றி ‘தந்தைவழி ஆதிக்கம்’ என்று ஒரு வரி எழுதி நகர்ந்திருப்போம். ஜாடியைத் திறந்தவர்கள் பார்த்தது அதிகாரத்தின் சின்னங்கள் பெண்ணிடம் இருந்ததை. லா அல்மொலோயாவில் புதைக்கப்பட்டவர்களின் உறவுமுறையை ஆராய்ந்த 2022-ஆம் ஆண்டுக் கட்டுரை, பெரியவர்களில் நெருங்கிய சொந்தங்களாகப் பிறந்த ஊரிலேயே தங்கியவர்கள் ஆண்கள்தான், பெண்கள் வேறு ஊருக்குப் போனார்கள் என்று காட்டுகிறது. வேறு ஊரிலிருந்து வந்த பெண்ணின் தலையில்கூட ஊரின் பட்டம் இருந்திருக்கலாம். வீட்டுத் தரைக்கு அடியில் இடம் கிடைத்தவர்கள் ஊரின் ஒரு பகுதியினர்தான் என்பதையும் மறக்கக்கூடாது. ஏழைகளின் ஒய் வழிகள் நம் தட்டில் இன்னும் குறைவாகவே இருக்கின்றன.

குழுவும் மொழியும்

பாஸ்க் மக்களிடம் இந்த வழக்கின் வியப்பான பகுதி இருக்கிறது. பி312-இலிருந்து கிளைத்த டிஎஃப்27 என்ற குழு பாஸ்க் ஆண்களில் சுமார் 70 விழுக்காட்டினரிடம் உண்டு. இன்றைய ஆண்களை வைத்து 2017-இல் கணித்தபோது, அது ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன் தோன்றிப் படுவேகமாகப் பெருகியது என்று வந்தது. இந்த நிகழ்வின் காலமேதான். ஆர்1பி-யோடு இந்தோ-ஐரோப்பிய மொழியும் வந்தது என்பது பொதுவான எண்ணம். ஆனால் மேற்கு ஐரோப்பாவில் இன்றுவரை இந்தோ-ஐரோப்பியம் அல்லாத மொழியைக் காத்து நிற்பவர்கள் இந்தக் குழு நிறைந்த பாஸ்க் மக்களே. 2019 ஆய்வின்படி அவர்கள் பனிக்கால எச்சமும் அல்லர். இரும்புக் கால ஐபீரியர்களைப் போன்றவர்கள், பிற்கால ரோமானிய, வட ஆப்பிரிக்கக் கலப்பு அவர்களை அதிகம் தொடவில்லை, அவ்வளவுதான். இரும்புக் காலத்தில் இந்தோ-ஐரோப்பியம் அல்லாத மொழி பேசிய பிற பகுதிகளிலும் ஸ்டெப்பி மரபு பரவியிருந்தது. அப்பன்மார் வழி மாறிய இடத்திலும் தாய்மார் பேசிய மொழி தங்க முடிந்திருக்கிறது என்பதுதான் எனக்குப் பொருத்தமாகப் படும் விளக்கம்.

இந்திய விவாதங்களில் ஐபீரியாவை உதாரணம் காட்டுவோர் உண்டு, ஸ்டெப்பியோடு தொடர்புபடுத்தப்படும் இன்னொரு தந்தைவழிக் குழுவான ஆர்1ஏ எங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் அதே கதை என்று. அதே 2019-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த தென்னாசிய ஆய்வு அதற்கு இடம் தரவில்லை. இன்றைய இந்தியர்களில் ஸ்டெப்பி மரபு ஆண்கள் வழியாக அதிகம் வந்திருக்கிறது. ஆனால் வடமேற்கின் ஸ்வாத் பள்ளத்தாக்கில் கிடைத்த மூவாயிரம் ஆண்டுப் பழமையான எலும்புகளில் அது பெண்கள் வழியாகவே அதிகம் வந்திருக்கிறது. ஒரே மரபு, ஒரே துணைக்கண்டம், இரண்டு வழிகள். எனவே ஐபீரியாவின் எண்களைக் கொண்டுவந்து இங்கே பொருத்துவதை ஏற்க முடியாது.

ஐபீரிய வழக்கை அடுத்த கட்டத்துக்கு நகர்த்தக்கூடிய கருவி இப்போது வந்துவிட்டது. இரண்டு பழங்கால மனிதர்களின் குரோமோசோம்களில் ஒரே மூதாதையிடமிருந்து வந்த நீண்ட துண்டுகள் பொதுவாக இருக்கின்றனவா என்று தேடும் முறை 2023 முதல் பரவலாகப் பயன்படுகிறது. ஆறாம் படி உறவு வரை அது பிடித்துக் காட்டும், ஒய் பொருந்தாவிட்டாலும் காட்டும். கி.மு. 2500–2200 காலத்துக் கூட்டுக் கல்லறைகளில் கடைசியாக வைக்கப்பட்ட ஐ2, ஜி2 ஆண்களையும், அதே பள்ளத்தாக்குகளில் அடுத்துவந்த ஆர்1பி ஆண்களையும் இந்த முறையில் ஒப்பிட வேண்டும். ஐ2 தாத்தா ஒருவரும் அவருடைய மகள் வயிற்றுப் பேரனான ஆர்1பி ஆண் ஒருவரும் இப்படி அடையாளம் காணப்பட்டால், ஒரு வீட்டில் இந்த மாற்றம் எப்படி நடந்தது என்பதை நேரடியாகப் படிக்கலாம்.